கட்டைவிரல் சாட்சி

தரையிறங்கத் தயாராகச் சொல்லிக் கேப்டனின் குரல் வந்துவிட்டது, இன்னும் இருபது நிமிடம், இந்த இருபது நிமிடம் என் வாய் என் பேச்சைக் கேட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டே மைக்கை எடுத்தேன், எடுத்ததும் அது வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டது, இன்னும் சற்று நேரத்தில் தூத்துக்குடி விமான நிலையத்தில் தரையிறங்க இருக்கிறோம், இருக்கையை நேராக நிமிர்த்துங்கள், முன்னால் உள்ள தட்டை மடித்து வையுங்கள், ஜன்னல் மறைப்பைத் தூக்கி விடுங்கள். பதினோரு வருடம் சொன்னதையே சொன்னால் வாய்க்கு மூளையே வேண்டாம், நாம் பாட்டுக்குக் கொலை செய்வதைப் பற்றி யோசிக்கலாம், அது பாட்டுக்கு நன்றி வணக்கம் சொல்லும். காலையில் சென்னையில் வரவேற்பு சொன்னபோதும் இதேதான், நான் எழிலரசி, என்னுடன் பூர்ணிமா, உங்கள் பயணம் இனிமையாக அமைய வாழ்த்துகிறோம் என்றது வாய். என்னுடன் பூர்ணிமா. எழுபத்திரண்டு இருக்கை கொண்ட சின்ன புரொப்பல்லர் விமானம், ஆள் நாங்கள் இரண்டே பேர், முன்னால் இன்சார்ஜ் நான், பின்னால் கழிவறைக்கும் சமையல் மேடைக்கும் பக்கத்தில் அவள். மைக்கை மாட்டிவிட்டு நிமிர்ந்தால் நேர் எதிரே, நடைபாதையின் மறுமுனையில், அவள் தலைமுடியைத் தடவிச் சரிசெய்துகொண்டு நிற்கிறாள், கண் பட்டதும் சிரிக்கிறாள். என் கோட்டுப் பையில் நாலாக மடித்து வைத்த தாள் இருப்பது அவளுக்குத் தெரியாது. காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் உறையோடு கொடுத்தார்கள், ஊழியர் கழிவறையில் நின்றுகொண்டே படித்தேன், இரண்டு தாள். ஒன்று நிர்வாகத்தின் கடிதம், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நான் இன்சார்ஜ் இல்லை, ஆட்சேபம் இருந்தால் நாளை மாலை ஐந்துக்குள் எழுத்தில் தரலாம். இரண்டாவது, எதை வைத்து அப்படி முடிவு செய்தார்கள் என்பதற்கான சாட்சியம், கீழே பூர்ணிமாவின் கையெழுத்து. அந்தப் பூவுக்கு வால் முளைத்த மாதிரியான கையெழுத்தை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும், ஐந்து வருடமாக நாங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் வாடகை வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருப்பது அதுதான், பால் வாங்கி வை, சாவி செருப்புக்குள்ளே, ரசம் இருக்கு சூடு பண்ணிக்கோ.

நடக்க வேண்டும், முதல் வரிசையிலிருந்து நடுவரை நான், கடைசியிலிருந்து நடுவரை அவள், நடுவில் சந்தித்து ஒருவர் தோளை ஒருவர் உரசிக்கொண்டு திரும்புவோம். பெல்ட் போடுங்க சார். கைப்பையைக் கீழ வைங்க மேடம், இன்னும் உள்ள தள்ளுங்க. ஜன்னல் மறைப்பை ஏன் தூக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார், வெயில் அடிக்கிறதாம், வெளியே நெருப்புப் பிடித்தால் உள்ளே இருப்பவருக்குத் தெரியட்டும் என்பதற்காக என்று சொன்னால் மனிதர் இங்கேயே இறங்கிவிடுவார், உங்க ஊரைப் பாக்க வேண்டாமா சார் என்றேன், சிரித்துக்கொண்டு தூக்கினார். அன்புள்ள ஐயா, மேற்படி சாட்சியத்தை நான் முற்றிலும் மறுக்கிறேன். இல்லை, அன்புள்ள எதற்கு, மதிப்பிற்குரிய. மதிப்பிற்குரிய ஐயா, பத்தொன்பது நாட்களுக்கு முன் இதே விமானத்தில் பின்பக்கக் கழிவறையைச் சோதிக்க வேண்டியவர் பூர்ணிமா, அவர் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், அதைப் பார்த்த பிறகே கேபின் தயார் என்று கேப்டனிடம் சொன்னேன். சாட்சியத்தில் என்ன எழுதியிருக்கிறாள்? நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை, நான் விரலைக் காட்டவில்லை, இன்சார்ஜ் எனக்காகக் காத்திராமல் சொல்லிவிட்டார். காட்டவில்லையாம். அந்த விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது, நகத்தில் கருஞ்சிவப்புப் பூச்சு ஓரத்தில் உரிந்திருந்தது, அந்தப் பூச்சே என்னுடையது. தட்டை மடிங்க தம்பி, லேப்டாப் உள்ள போகட்டும். கூடவே இருந்து குழி பறிப்பது என்று கேட்டிருக்கிறேன், பறிப்பவள் நம் மண்வெட்டியையே எடுத்துப் பறிப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கு டைபாய்டு வந்தபோது பழவந்தாங்கல் வீட்டில் ஒன்பது நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், அவள் கல்யாணம் நின்றுபோன அன்றைக்கு என் மடியில் படுத்துதான் அழுதாள், ஐயோ, இதையெல்லாம் கடிதத்தில் எழுத முடியாது, கஞ்சிக்கெல்லாம் நிர்வாகத்தில் பதில் இல்லை. ஒன்பதாவது வரிசையில் நடுவில் சந்தித்தோம். வழக்கம்போலத் தோளை உரசினாள். "இன்னிக்கு ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? தலைவலியா?" என்று காதோடு கேட்டாள். "ஆமா." "மாத்திரை என் பையில இருக்குடி, எறங்கினதும் தர்றேன்." பாசம்தான், அதில் பொய் இல்லை, அதுதான் என்னை அதிகமாகக் கொல்கிறது. கெட்டவளாகவே இருந்து தொலைத்தால் எனக்கு எவ்வளவு வசதி.

மதிப்பிற்குரிய ஐயா, உண்மையில் நடந்தது இது. எங்கள் விமானத்தில் கழிவறைக் கதவை வெளியிலிருந்தும் பூட்டலாம், கதவிலிருக்கும் சின்னத் தகட்டைத் தூக்கினால் உள்ளே ஒரு குமிழ், நகத்தால் தள்ளினால் பூட்டிக்கொள்ளும், தரையிறங்கும் நேரத்தில் யாரும் உள்ளே போய்விடக் கூடாது என்று நாங்கள்தான் பூட்டுவோம். பூட்டினால் சிவப்பு விளக்கு. உள்ளே ஆள் இருந்து தாழ் போட்டாலும் அதே சிவப்பு விளக்கு. விளக்குக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் பூட்டுவதற்கு முன் கதவைத் திறந்து உள்ளே பார் என்று பயிற்சியில் தலையில் அடித்துச் சொல்லித் தருகிறார்கள். எத்தனை பேர் பார்க்கிறோம்? விளக்கு பச்சையாக இருந்தால் உள்ளே யாரும் இல்லை என்று நாமே முடிவுகட்டி, போகிற போக்கில் நகத்தால் ஒரு தள்ளு. அன்றைக்கு உள்ளே செல்வக்கனி என்றொரு அம்மா இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், வாழ்க்கையில் முதல் விமானம், மகளை நர்ஸ் வேலைக்குக் குவைத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்புகிறார், டிக்கெட் மகள் எடுத்துக் கொடுத்தது. கதவைச் சாத்தினால் போதாது, தாழ் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. விளக்கு பச்சையாகவே இருந்தது. பூர்ணிமா திறந்து பார்க்காமல் வெளியே பூட்டினாள், கட்டைவிரலைக் காட்டினாள், நான் கேப்டனிடம் சொன்னேன், இறங்கினோம், சக்கரம் தரையில் பட்டு பிரேக் பிடித்ததும் பின்னால் தடால் என்று ஒரு சத்தம். ஓடுபாதையை விட்டு விமானம் விலகியதும் எழுந்து ஓடினேன். பூர்ணிமா பெல்ட்டைக் கூடக் கழற்றாமல் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள், கதவுக்கும் அவளுக்கும் ஒரு முழம்தான். உள்ளே இருந்து தட்டியிருப்பாரே, கேட்டிருக்குமே, அதை நான் இன்று வரை அவளிடம் கேட்கவில்லை, புரொப்பல்லர் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். தகட்டைத் தூக்கிக் குமிழைத் திரும்பத் தள்ளிப் பூட்டை விடுவித்தது நான். கதவைத் திறந்தது நான். தரையில் கிடந்தார், வலது மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பிறகு சக்கர நாற்காலிக்குச் சொன்னேன், மருத்துவர் வந்தார். பூர்ணிமாவின் மேல் ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருந்தது, இன்னொன்று விழுந்தால் வேலையே போய்விடும், ஆகவே என் அறிக்கையில், சோதனை முடிந்த பிறகு பயணி தானாக எழுந்துபோய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டார் என்று எழுதினேன். விசாரணையில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள், அவளிடம், ஒரு முழத்தில் உட்கார்ந்திருந்த உனக்குத் தெரியாமல் எப்படிப் போனார் என்று. அவ்வளவுதான். இவளைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்யை அப்படியே திருப்பி என் தலையில் கவிழ்த்துவிட்டாள், பயணியே தாழ் போட்டார் என்று சொல்லும்படி இன்சார்ஜ்தான் என்னிடம் சொன்னார் என்று எழுதியதையும் சேர்த்து. அதில் அந்தக் கடைசி வரி மட்டும் உண்மை. பாதி உண்மையைப்போல ஆளை அடிப்பது வேறொன்றும் இல்லை. மறுத்து எழுதினால் அவள் போய்விடுவாள். எழுதாவிட்டால் பதினோரு வருடத்தில் நான் சம்பாதித்த ஒரே பெயர், எழில் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பெயர், நாளை மாலை ஐந்து மணியோடு போய்விடும். நாளை வரைக்கும் கூட வேண்டாம், எழுதத்தான் போகிறேன், வார்த்தைகள் வரிசையில் நிற்கின்றன. கதவைத் திறந்தேன், தரையில் கிடந்தார், சக்கர நாற்காலிக்குச் சொன்னேன். கதவைத் திறந்தேன், கிடந்தார், சக்கர நாற்காலி. ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் ஒரு படி குறைகிறது, கால் தடுக்குகிறது, தாண்டிப் போய்விடுகிறேன்.

முன்னால் வந்து திரும்பி நின்றேன். சமையல் மேடைப் பெட்டிகளின் சிவப்புத் தாழ்களை அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டாள், தள்ளுவண்டியின் பிரேக்கைக் காலால் மிதித்தாள், கழிவறைப் பக்கம் திரும்பினாள், முதுகு மறைத்தது, என்ன செய்தாள் என்று தெரியவில்லை, விளக்கு சிவப்பு. திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினாள். நான் இப்போது ரிசீவரை எடுத்துக் கேப்டனிடம் சொல்ல வேண்டும். என் கை போகவில்லை. இந்த வேலையில் மொத்தச் சொத்தே இதுதான், ஒருத்தி விரலைத் தூக்கினால் மற்றவள் நம்ப வேண்டும், விமானத்தின் இரண்டு முனையிலும் ஒருத்தியே நிற்க முடியாது என்பதால் கண்டுபிடித்த ஏற்பாடு, இதற்கு ரசீது கிடையாது, சாட்சி கிடையாது. நாளைக்கே காட்டவில்லை என்று சொல்வாள். உள்ளே ஆள் இருக்கிறதா? கடைசி வரிசையில் ஒரு இருக்கை காலியாகத் தெரிகிறதே, காலியாகவே வந்ததா, யாராவது எழுந்து போயிருக்கிறார்களா? ரிசீவரை விட்டுவிட்டு நடந்தேன். எழுபது பேரும் பார்க்கிறார்கள், இந்த நேரத்தில் இன்சார்ஜ் பின்னால் போவதை யாரும் பார்த்ததில்லை, சக ஊழியர் விரலைக் காட்டிய பிறகு நேரில் போய்ச் சோதிப்பது என்பது எங்கள் வழக்கத்தில் கன்னத்தில் அறைவது. பூர்ணிமா உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "என்னாச்சு?" "ஒண்ணுமில்ல. கதவைப் பாக்கணும்." "நான் பாத்துட்டேனே. திறந்துதான் பாத்தேன்." "நானும் பாக்கணும்." அவள் முகம் வெளுத்தது, நான் பார்த்தேன், புரிந்துவிட்டது அவளுக்கு, உறை வந்துவிட்டது என்று புரிந்துவிட்டது. தகட்டைத் தூக்கி, குமிழைத் தள்ளி, கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. சுத்தமாகத் துடைத்திருந்தாள், டிஷ்யூ தாளை முக்கோணமாக மடித்துக்கூட வைத்திருந்தாள். மறுபடி பூட்டினேன். "இப்ப நம்பிக்கை வந்துச்சா?" என்றாள், குரல் உடைந்திருந்தது. திரும்பி நடக்கும்போது எனக்கு வெற்றி மாதிரி ஒன்றும் இல்லை, திருடியைப் பிடிக்கப் போய்ச் சட்டைப்பையைத் தடவிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் வந்த போலீஸ் மாதிரிதான் இருந்தது. கேப்டனிடம் கேபின் தயார் என்றேன். "லேட்டாயிடுச்சே, எதாவது பிரச்சினையா?" என்றார். இல்லை சார் என்றேன்.

என் இருக்கையை இறக்கி உட்கார்ந்து தோள் பட்டைகளை மாட்டிக்கொண்டேன். முதுகு ஒட்டி, பாதம் தரையில் பதிந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார வேண்டும், அடிபடும்போது கை தறிகெட்டு வீசாமலிருக்க. இந்த நேரத்தில் நாங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, மௌன ஒத்திகை, இப்போது விபத்து நடந்தால் என்று வாய் திறக்காமல் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது. எந்தக் கதவு? வெளியே என்ன தெரிகிறது? என்ன கத்த வேண்டும்? யார் உதவுவார்கள்? பெல்ட்டைக் கழற்று, வெளியே வா, பையை விடு. ஜன்னலில் உப்பளங்கள் வந்துவிட்டன, பாத்தி பாத்தியாக வெள்ளை, ஓரத்தில் குவித்த உப்பு, நடுவில் எறும்பு போல ஆட்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், எங்கள் வீட்டில் சமையல் என்னுடைய முறைதான் அதிகம், நினைத்துவிட்டாள் நன்றாக. யார் உதவுவார்கள்? இரண்டாவது வரிசையில் திடகாத்திரமாக ஒருவர், சரி. யாருக்கு உதவி வேண்டும்? ஏழாவது வரிசை அம்மா, கைத்தடி. யாருக்கு உதவி வேண்டும். கதவைத் திறந்தேன், தரையில் கிடந்தார். அவர் என்னைப் பார்த்து முதலில் சொன்னது என்ன? "கதவு தொறக்கவே இல்லியம்மா, எவ்ளோ தட்டுனேன்." கை என் தொடைக்கு அடியில் நோகிறது. அடிபட்ட கையை மடியில் ஏந்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார், "நான் எதையும் தொடலியே, சும்மா சாத்துனேன், அவ்ளோதான்." தொடவில்லை. எனக்குத் தெரியும், குமிழைத் தள்ளிய என் நகத்துக்குத் தெரியும். நான் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, தோளில் கை வைத்து, பயணிகளிடம் பேசுகிற அந்த இனிப்புக் குரலில் சொன்னேன், "நீங்கதான் பதட்டத்துல உள்ள தாழ் போட்டுட்டீங்கம்மா. தெரியாம நடக்கறதுதான், பரவாயில்ல." ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை, கதவு திறந்த வேகத்திலேயே பொய்யும் திறந்துகொண்டது. அவர் என்னையே பார்த்தார். வலியில் இருந்தார், ஆனாலும் நான் சொன்னதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார், தாழ் போட்டேனா, போட்டிருப்பேனோ, சீருடை போட்டவர்கள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். பிறகு சொன்னார், "நாந்தான் தெரியாமச் செஞ்சிட்டேன் போல. மன்னிச்சிருங்கம்மா. என்னால உங்களுக்கு வேலையில ஒண்ணும் ஆயிராதே?" சக்கர நாற்காலி வந்தது. தள்ளிக்கொண்டு போகும்போது உதவ வந்தவரிடம் தான் உப்பளத்தில் வாருகிற வேலை பார்ப்பதாகச் சொன்னது என் காதில் விழுந்தது, இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்போது வார முடியும் என்று கேட்டார். விசாரணைக்காகத் தொலைபேசியில் கேட்டபோதும் அவர் அதையே சொல்லியிருக்கிறார், தப்பு என்மேலதான், அந்தப் பிள்ளைகளை ஒன்றும் சொல்லாதீர்கள். சக்கரம் தரையில் பட்டது, தூக்கிப் போட்டது, பிரேக் பிடித்தது, என் வாய் தூத்துக்குடிக்கு உங்களை வரவேற்கிறோம் என்றது.

கடைசிப் பயணி இறங்கியதும் திரும்பிப் போகிற ஆட்கள் ஏறுவதற்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. பூர்ணிமா பெல்ட்டுகளைக் குறுக்காக மடித்துப் போட்டுக்கொண்டே வரிசை வரிசையாக முன்னால் வந்தாள், நான் கடைசி வரை காத்திருக்கவில்லை. "ஏன்டி எழுதின?" என்றேன். அவள் குனிந்தபடியே இருந்தாள். "வேற வழி தெரியல." "கட்டைவிரலைக் காட்டலைன்னு எழுதியிருக்க. காட்டலியா நீ?" "காட்டினேன்." "உனக்காகத்தானே பொய் சொன்னேன்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து என்ன பண்றதுன்னு பாத்திருக்கலாமே. கூடவே சாப்பிட்டு, கூடவே தூங்கி, என் முதுகுலயே குத்தினியே." அழக் கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். அவள் நிமிர்ந்தாள், அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் பின்வாங்கவில்லை. "அன்னிக்கு நீ அந்தம்மா பக்கத்துல உக்காந்து சொன்னது எனக்குக் கேட்டுச்சு எழில். தாழ் போட்டது நீங்கதான்னு. எவ்வளவு அன்பா சொன்ன தெரியுமா? அவங்க நம்பிட்டாங்க. நானே நம்பிட்டேன் ஒரு நிமிஷம், நான் வெளிய பூட்டலியோன்னு. அப்ப பிடிச்ச பயம்டி எனக்கு. என்கிட்டயும் ஒருநாள் இதே மாதிரி தோள்ல கை வச்சுச் சொல்லுவ, தப்பு உன்னுதுதான் பூர்ணிமான்னு, நானும் சரின்னு தலையாட்டுவேன். அதுக்கு முன்னாடி நான் எழுதிட்டேன்." குழி பறிப்பவள், முதுகில் குத்துபவள், உப்பை மறந்தவள், காலையிலிருந்து சேர்த்துவைத்த எல்லாம் வாயில் இருந்தது, ஒன்றும் அவளுக்குப் பொருந்தாமல் இல்லை, ஆனால் ஒன்றைக்கூடச் சொல்ல வரவில்லை.

சாட்சியத் தாளை எடுத்து, மடிப்பை விரித்து, பின்புறத்தில் எழுத ஆரம்பித்தேன். செல்வக்கனி அம்மா உள்ளே தாழ் போடவில்லை. கதவு வெளியே பூட்டியிருந்தது. அதைத் திறந்தது நான். தாழ் போட்டது நீங்கள்தான் என்று அவரிடம் சொன்னதும் நான். நாலே வரி, தடுக்கவில்லை. பூர்ணிமா என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள், மூச்சு என் காதில் பட்டது. "இதைக் குடுத்தா இன்சார்ஜ் மட்டும் இல்ல, உனக்கு வேலையே போயிடும்." "தெரியும்." "வெளிய பூட்டினது யாருன்னு அடுத்த கேள்வி கேப்பாங்க." "கேப்பாங்க. அதுக்கு நீ பதில் எழுது. உன்னைக் காப்பாத்தவும் மாட்டேன், காட்டிக் குடுக்கவும் மாட்டேன், என்னுது முடிஞ்சுபோச்சு." ஏணிப்படியில் காலடிச் சத்தம், ஆட்கள் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். தாளை மடித்தேன். அவள் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள், உதட்டுச் சாயத்தைச் சரிசெய்தாள், என் தோளில் கை வைத்தாள். "எழில், ப்ளீஸ், கொஞ்சம் யோசிச்சுப் பாரு, அவசரத்துல எதுவும் செஞ்சிடாத, சரியா?" என்றாள், அவ்வளவு மென்மையாக, அவ்வளவு இனிப்பாக. ஐந்து வருடத்தில் அவள் என்னிடம் ப்ளீஸ் சொன்னதே இல்லை. அது பயணிகளுக்கு நாங்கள் வைத்திருக்கும் குரல். அவள் கையை என் தோளிலிருந்து எடுத்துவிட்டு வாசலில் போய் நின்று, முதல் ஆளுக்கு வணக்கம் சொன்னேன்.